பீரோ சாவி யார் கையில்?

போன இதழில் பள்ளி நூலகங்களைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். பிள்ளைகள் புத்தகத்தைத் தொட்டுப் பார்க்க முடியாத அறைக்கு நூலகம் என்று பெயர்ப்பலகை எதற்கு என்று கேட்டிருந்தேன், அவ்வளவுதான். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிப் பேர் திட்டியிருக்கிறார்கள், மீதிப் பேர் யோசனை கேட்டிருக்கிறார்கள், ஒருவர் இரண்டையும் ஒரே கடிதத்தில் செய்திருக்கிறார். மதுரையைச் சுற்றி நான்கு பள்ளிகளில் தமிழாசிரியராக இருந்தவன் நான். அதில் பதினாறு வருடம் நூலகப் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்தேன். நூலகப் படிப்பு படித்தவனில்லை. பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், உங்கள் பள்ளிக்கு எது ஒத்துவருமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேலூர்ப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன் ஐயா. இந்த வருடம் நூலகப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். மூன்று இரும்பு பீரோ, ஆயிரத்து இருநூறு புத்தகம், காலியாகக் கிடக்கும் ஒரு பழைய வகுப்பறை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் எல்லாரும் ஆசையாக வந்து உட்காருகிற இடமாக அதை மாற்ற நினைக்கிறேன். ஆனால் ஒரு புத்தகம் தொலைந்தாலும் கைக்காசுதான் என்று முன்பு பொறுப்பில் இருந்தவர் பயமுறுத்திவிட்டுப் போயிருக்கிறார். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: சாவியிலிருந்து தொடங்குங்கள் அம்மா. வர்ணம், நாற்காலி, சுவரில் படம் எல்லாம் அப்புறம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் முதன்முதலில் பொறுப்பேற்ற பள்ளியில் இருப்புப் பதிவேட்டை வைத்துக்கொண்டு இரண்டு நாள் புத்தகங்களை எண்ணினோம். பொறுப்பை ஒப்படைத்த பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "தம்பி, பதினோரு வருஷம் பாத்தேன், ஒரு புத்தகம் தொலஞ்சதில்ல" என்றார். அன்றைக்கு அவர்மேல் மரியாதையாகத்தான் இருந்தது. அவர் போன பிறகு சும்மா ஒவ்வொரு புத்தகமாக எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். தேதி குறிக்கிற தாள் ஒட்டியிருக்குமே, அது ஒன்றிலும் ஒரு தேதி இல்லை. சில புத்தகங்களில் பக்கங்கள் அச்சகத்தில் ஒட்டியபடியே, பிரிக்கப்படாமல் இருந்தன. ஒரே ஒரு புத்தகம் மட்டும் முனை மடங்கி, விரல் அழுக்கேறி, அட்டையில் டீ கிளாஸ் வைத்த வட்டத்தோடு இருந்தது. வீட்டு மின் இணைப்பு வேலைகள் பற்றிய புத்தகம். யார் படித்தது என்று விசாரித்தால், நம் வாட்ச்மேன். ராத்திரியில் பொழுது போகாமல் எடுத்துப் படித்திருக்கிறார், படித்துவிட்டு அக்கம்பக்கத்து வீடுகளில் ஃபேன் மாட்டவும் ஸ்விட்ச் மாற்றவும் போய்க்கொண்டிருக்கிறார். எழுநூறு பிள்ளைகள் படித்த அந்தப் பள்ளியில் நூலகத்தால் பிழைத்தது அந்த ஒரு மனிதர்தான், ஏனென்றால் சாவிக்கொத்து அவரிடம் இருந்தது.

தொலைந்துபோகும் பயத்துக்கு வருகிறேன், அது நியாயமான பயம்தான். தணிக்கை என்றால் எனக்கும் வயிற்றைக் கலக்கியிருக்கிறது. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மத்திய அரசின் பொது நிதி விதிகள் என்று ஒரு தொகுப்பு இருக்கிறது, 2017-ல் வந்தது, அதில் 215-ஆம் விதியைப் பாருங்கள். ஒரு வருடத்தில் எடுத்துப் படிக்கப்பட்ட ஒவ்வோர் ஆயிரம் புத்தகத்துக்கும் ஐந்து தொலைவதை இயல்பான இழப்பாகவே எடுத்துக்கொள்ளலாம், அதில் மோசடியோ அலட்சியமோ இருக்கக்கூடாது, அவ்வளவுதான் என்று அதில் சொல்லியிருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள புத்தகமோ அரிய நூலோ தொலைந்தால்தான் கட்டாயம் விசாரிக்க வேண்டும். மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதி அது, உங்கள் பள்ளியை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் டெல்லியில் கணக்குப் பார்க்கிறவர்களே புத்தகம் தொலையும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதைத் தலைமையாசிரியரிடம் காட்டிப் பேச முடியும். அப்படிப் பேசி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், பிள்ளைகள் நேரடியாக எடுத்துப் படிக்கும்படி புத்தகங்களைத் திறந்து வைக்கிறோம், இயல்பான தேய்மானத்துக்கும் இழப்புக்கும் பொறுப்பாசிரியரிடம் பணம் பிடிப்பதில்லை என்று ஒரு தீர்மானம் எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தை வேண்டாம். தலைமையாசிரியர் மாறிப்போவார், தீர்மானம் நோட்டில் இருக்கும்.

கையெழுத்தான மறுநாள் ஆயிரத்து இருநூறையும் வெளியே கொட்டிவிடாதீர்கள். இருநூறோ இருநூற்றைம்பதோ எடுங்கள். அட்டை பளிச்சென்று இருப்பவை, படம் உள்ளவை, மெலிந்தவை. முதுகைக் காட்டி அடுக்காமல் முகத்தைக் காட்டி வையுங்கள். நம் தமிழ்ப் புத்தகங்களில் பாதிக்கு முதுகில் எழுத்தே இருக்காது, இருந்தாலும் கழுத்தை ஒடித்துக்கொண்டுதான் படிக்கவேண்டும், ஆறாம் வகுப்புப் பிள்ளை எதற்கு அந்தப் பாடு படப்போகிறது. சாய்த்து வைக்க அலமாரி இல்லையென்றால் சுவரோரம் பெஞ்சுகளைப் போட்டு அதன்மேல் வரிசையாக நிறுத்துங்கள். சின்னப் பிள்ளைகளுக்கானது எதுவும் மூன்றரை அடி உயரத்துக்கு மேலே போக வேண்டாம். வாரம் ஒருமுறை பீரோவிலிருந்து முப்பதை எடுத்து, வெளியே இருப்பதில் முப்பதை உள்ளே வைத்து மாற்றுங்கள். திங்கள்கிழமை வந்தால் என்ன புதிதாக வைத்திருக்கிறது என்று எட்டிப் பார்க்க ஆரம்பிப்பார்கள். புதிதாக வாங்கியதில்லை, இருந்ததுதான்.

எல்லா வயதும் ஒரே அறையில் என்கிறீர்களே, அதில்தான் பலரும் சறுக்குவது. அறை முழுக்கப் பாய் விரித்து, பலூன் கட்டி, முயல் படம் ஒட்டினால் பதினொன்றாம் வகுப்புப் பையன் வாசலோடு திரும்பிவிடுவான், அங்கே உட்கார்ந்தால் அவனைச் சின்னப்பயல் என்று நினைத்துவிடுவார்களாம். அவனுக்கு ஜன்னலோரம் முதுகைக் காட்டி உட்காருகிற மாதிரி ஒரு பெஞ்சும் மேசையும் போட்டுக்கொடுங்கள். யார் கண்ணிலும் படாமல் என்ன படிக்கிறோம் என்று யாரும் எட்டிப் பார்க்காமல் படிக்க ஓர் இடம், அவ்வளவுதான் அந்த வயது கேட்பது. கோரைப்பாயை எதிர்ச் சுவரோரம் சின்ன வகுப்புகளுக்கு விரியுங்கள். உங்கள் நாற்காலியை வாசலில் போடாதீர்கள், டிக்கெட் கிழிக்கிறவர் மாதிரி இருக்கும். உள்ளே ஓரமாக, நீங்களும் ஒரு புத்தகத்தோடு உட்காருங்கள். மதிய இடைவேளையில் திறந்திருக்க வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நூலகப் பாடவேளையைக் கணக்கு வாத்தியார் எந்த நேரமும் கடன் வாங்கிவிடுவார், மதிய இடைவேளையை யாரும் கேட்க மாட்டார்கள்.

வழங்கல் பதிவேட்டை எட்டாம் வகுப்பில் இரண்டிரண்டு பேராக முறைவைத்து எழுதச் சொல்லுங்கள். பெயர், வகுப்பு, புத்தகம், கொடுத்த தேதி, வந்த தேதி. போதும். அபராதம் வேண்டாம். பத்து ரூபாய் அபராதத்துக்குப் பயந்து புத்தகத்தைத் திருப்பித் தராமலே பள்ளியை விட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். ஒருத்தி கல்யாணமாகிப் போன பிறகு புருஷனிடம் கொடுத்து அனுப்பினாள்.

கேள்வி: நான் உசிலம்பட்டியில் சொந்தமாக லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். மகன் ஒன்பதாவது. பாடப் புத்தகம் தவிர எதையும் தொடமாட்டேன் என்கிறான். பள்ளி நூலகத்தில் ஒன்று நீதிக்கதை இருக்கிறது, இல்லையென்றால் போட்டித் தேர்வு கைடு இருக்கிறது என்கிறான். வகுப்பில் படித்துவிட்டு வந்து சுருக்கம் எழுதச் சொல்கிறார்களாம். நான் எட்டாவதோடு நின்றவன், எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

பதில்: உங்கள் மகன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். ஏழு வயதுக்கு நீதிக்கதை, இருபத்திரண்டு வயதுக்கு கைடு, இடையில் இருக்கிற பதினைந்து வருடத்துக்கு ஒன்றும் இல்லை. நான் பார்த்த எல்லாப் பள்ளியிலும் ஓட்டை அங்கேதான் இருந்தது. அந்த வயதில் பிள்ளைகளுக்குக் கதை பிடிக்காது என்றில்லை, ஆனால் பையன்கள் பலரும் உண்மை விஷயத்தின் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். கிரிக்கெட், காளை வளர்ப்பு, எஞ்சின், பாம்பு, போர், கீழடி. கீழடி உங்கள் ஊரிலிருந்தும் போய்வருகிற தூரம்தான், 2023 மார்ச்சில் அங்கே அருங்காட்சியகம் திறந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிப்போய், பானை ஓட்டில் கீறியிருக்கும் எழுத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கவிடுங்கள். திரும்பி வந்ததும் அதைப் பற்றி ஒரு புத்தகம் கையில் கிடைத்தால் படிப்பான். கிடைக்க வேண்டும், அதுதான் பள்ளியின் வேலை.

சுருக்கம் எழுதச் சொல்வதைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. சினிமா பார்த்துவிட்டு வந்தவனிடம் பத்து வரிக்கு மிகாமல் கதைச் சுருக்கம் எழுது என்று யாராவது கேட்கிறோமா? பெற்றோர் கூட்டம் நடக்கும்போது எழுந்து நின்று, எழுதச் சொல்ல வேண்டாம், யாராவது விரும்பினால் மூன்று நிமிடம் பேசட்டும் என்று கேளுங்கள். எட்டாவது படித்தவர் கேட்டால் கேட்கக்கூடாதா என்ன.

இன்னொரு வழியும் இருக்கிறது. வீட்டு வரி கட்டுகிறீர்கள் இல்லையா, அந்த ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா. 1948-லேயே சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் போட்டு வைத்துவிட்டுப் போனார்கள், சுதந்திர இந்தியாவில் முதலில் அப்படிச் செய்தது நாம்தான். ஆகவே உங்கள் ஊர்க் கிளை நூலகம் உங்கள் காசில் நடப்பது. அவனை உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள். மதுரைக்கு லோடு இறக்க வரும்போது ஒருநாள் அவனையும் ஏற்றிக்கொண்டு வந்து புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் இறக்கிவிடுங்கள். 2023 ஜூலை 15, காமராசர் பிறந்தநாளன்று திறந்தது. உள்ளே போனால் ஒன்றும் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, ஏசியில் மாடி மாடியாகச் சுற்றிவிட்டு வரட்டும். முதல் தடவை யாரும் சுற்றத்தான் செய்வார்கள்.

நீங்கள் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பேப்பரில் ஒரு செய்தியைக் காட்டி, கண்ணு தெரியலப்பா, இதக் கொஞ்சம் படி என்று கொடுங்கள். தினமும் வேண்டாம், கண்டுபிடித்துவிடுவான்.

கேள்வி: அலங்காநல்லூர்ப் பக்கம் ஈராசிரியர் தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்பு, இரண்டு அறை. நூலகத்துக்கென்று தனி அறை கனவில்கூடக் கிடையாது. எங்களால் என்ன செய்ய முடியும்?

பதில்: அறை இல்லாதது உங்களுக்கு ஒரு வசதி டீச்சர், பூட்டுவதற்குக் கதவே இல்லை பாருங்கள்.

ஜன்னல் கம்பியிலிருந்து எதிர் ஜன்னல் கம்பிக்கு நைலான் கயிறு கட்டுங்கள், பிள்ளைகளின் நெஞ்சு உயரத்துக்கு. துணி காயப்போடுகிற கிளிப்பை வைத்து மெல்லிய கதைப் புத்தகங்களை மாட்டிவிடுங்கள். புத்தகத்தை நடுவில் விரித்து முதுகு கயிற்றின்மேல் படும்படி தொங்கவிட்டால் இன்னும் நல்லது, ஓரத்தில் கிளிப் போட்டால் அட்டை கிழியும். பல பள்ளிகளில் செய்கிறார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் அநேக இடங்களில் கயிறு ஆசிரியர் உயரத்தில் இருக்கும், அதிகாரி வந்து போட்டோ எடுத்ததும் அதன் வேலை முடிந்தது.

பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் உங்களுக்கு வந்திருக்கும். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்துக் கொடுத்தார்களே, நல்ல யோசனை. ஒரே ஒரு எச்சரிக்கை, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை 'நுழை' எடுத்தால் எல்லாருக்கும் முன்னால், நீ இன்னுமா இதைப் படிக்கிறாய் என்று கேட்டுவிடாதீர்கள். ஒருமுறை கேட்டால் போதும், அந்தப் பிள்ளை அப்புறம் கயிற்றுப் பக்கமே வராது. தம்பிக்குப் படித்துக் காட்ட எடுத்துப்போகிறாயா என்று கேளுங்கள். ஆமாம் டீச்சர் என்று தலை நிமிர்ந்து எடுத்துப்போகும். 'ஊஞ்சல்' இதழ் கட்டுப் பிரிக்காமல் கிடந்தால் பிரித்து அதையும் கயிற்றில் மாட்டுங்கள், நாலாவது ஐந்தாவதுக்காகவே வருவது அது.

உரக்கப் படித்துக்காட்டுவதுதான் உங்களுக்கு இருக்கிற பெரிய ஆயுதம். ஐந்து வகுப்பையும் வேப்ப மரத்தடியில் ஒன்றாக உட்காரவையுங்கள், சின்னது முன்னால், பெரியது பின்னால். நீங்கள் நின்றுகொண்டு படிக்காதீர்கள், ஒரு முக்காலியில் உட்காருங்கள், புத்தகம் அவர்கள் கண் மட்டத்தில் இருக்கவேண்டும். படம் அவர்களைப் பார்த்து இருக்கட்டும். அதற்கு நீங்கள் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்துக்கொண்டு ஓரக்கண்ணால் படிக்க வேண்டியிருக்கும், முதல் நாள் தடுமாறும், ஆகவே முந்தின ராத்திரி வீட்டில் ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். கீழ் முனையில் விரலை வைத்துப் பக்கத்தைத் திருப்புங்கள், மேலிருந்து திருப்பினால் கை படத்தை மறைக்கும். திருப்புவதற்கு முன் ஒரு மூச்சு நிறுத்துங்கள். அந்த ஒரு மூச்சுக்குள் முன்வரிசையில் ஏதாவது ஒன்று, "பூனை குதிச்சிரும் டீச்சர்!" என்று கத்தும். கத்தட்டும். கதை முடிந்ததும் இதிலிருந்து நாம் அறிவது என்ன என்று மட்டும் கேட்காதீர்கள். புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். நாலு கை அந்தப் புத்தகத்துக்கு நீளும், தள்ளுமுள்ளு நடக்கும். அது நல்ல தள்ளுமுள்ளு.

ஊர்ப் பெரியவர்களும் வரவேண்டும் என்றால் ஒரு தகரப் பெட்டியில் நாற்பது புத்தகத்தைப் போட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மந்தையில் வைத்துப் பாருங்கள். 1931-ல் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் நூலகம் கிராமம் கிராமமாகப் போயிருக்கிறது. நம்மிடம் டிவிஎஸ் எக்ஸ்எல் இருக்கிறது.

கேள்வி: திருப்பரங்குன்றத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியன். வீட்டில் இருக்கும் நானூறு புத்தகங்களைப் பேரன் படிக்கும் பள்ளிக்குக் கொடுக்க விரும்பினேன். பட்டியலைப் பார்த்துவிட்டு நூலக ஆசிரியை ஐம்பது மட்டும் போதும் என்றார். மனம் வருந்தியது. தானமாகக் கொடுப்பதையும் வேண்டாம் என்பார்களா?

பதில்: அந்த ஆசிரியை இருக்கிற திசைக்கு ஒரு கும்பிடு. கோபித்துக்கொள்ளாதீர்கள் சார். நானும் ஒருமுறை வெட்கப்பட்டுக்கொண்டு வந்ததையெல்லாம் வாங்கிப் போட்டேன், பழைய வருமான வரிக் கையேடு, சோவியத் ஒன்றியம் இன்னும் உடையாத உலகப்படம், பக்கம் பொடிப்பொடியாக உதிர்கிற ஆங்கிலக் கலைக்களஞ்சியம், எல்லாம் மூன்று அலமாரியை அடைத்துக்கொண்டது. பிள்ளைகள் வந்து அந்த அலமாரியைப் பார்த்துவிட்டு நூலகம் என்றால் இதுதான் என்று முடிவுகட்டிக்கொண்டு போனார்கள். பத்துப் புத்தகத்துக்கு நடுவில் ஒரு நல்ல புத்தகம் இருந்தால் பிள்ளை கண்டுபிடிக்கும். நூறுக்கு நடுவில் இருந்தால் கண்டுபிடிக்காது.

ஐம்பதைக் கொடுங்கள். மிச்சத்தில் இலக்கியம் இருந்தால் கல்லூரி எதையாவது கேளுங்கள். காசு செலவு பண்ண மனம் இருந்தால் தமுக்கத்தில் புத்தகக் கண்காட்சி நடக்கும்போது பேரனையும் அவன் வகுப்பிலிருந்து இரண்டு பேரையும் கூட்டிப்போய், ஆளுக்கு முந்நூறு ரூபாய் கையில் கொடுத்து, நூலகத்துக்கு நீங்களே தேர்ந்தெடுங்கள் என்று விட்டுவிடுங்கள். பேய்க்கதை எடுப்பார்கள். தடுக்காதீர்கள், அதுதான் முதலில் கிழியப்போகிற புத்தகம்.

அதைவிட உங்களால் முடிந்தது ஒன்று உண்டு. வாரத்தில் ஒரு மதியம் போய் அந்த நூலகத்தில் உட்காருங்கள். ஒன்றும் சொல்லித்தர வேண்டாம், உங்கள் புத்தகத்தை நீங்கள் படியுங்கள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு தாத்தா தனக்குத்தானே சிரித்துக்கொண்டு படிப்பதைப் பார்த்தால், என்ன தாத்தா அதுல என்று எவனாவது கேட்பான்.

கேள்வி: மதுரை நகருக்குள் ஒரு தனியார் பள்ளியில் நூலகராக இருக்கிறேன், நூலக அறிவியல் பட்டம் பெற்றவள். எல்.கே.ஜி. முதல் பன்னிரண்டு வரை ஒரே நூலகம். ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் எண் கொடுத்து அடுக்கும் தூயி தசம முறைப்படிதான் அடுக்கியிருக்கிறேன். சின்ன வகுப்பு ஆசிரியைகள், பிள்ளைகள் கலைத்துவிடுகிறார்கள், கடைப்பிடிக்க முடியவில்லை என்கிறார்கள். முறையை விட்டுவிடலாமா?

பதில்: படித்தவர் நீங்கள், நான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள். பெரியவர்களுக்கு விடாதீர்கள், சின்னவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

894.811 என்றால் தமிழ் இலக்கியம் என்பது உங்களுக்குத் தெரியும், யு.கே.ஜி. பிள்ளைக்கு அது ஆட்டோ நம்பர். மூன்றாம் வகுப்பு வரைக்கும் கூடைகள் வையுங்கள். மிருகக் கூடை, வண்டிக் கூடை, சிரிப்புக் கூடை, ராஜா ராணிக் கூடை. கூடையில் படம் ஒட்டி, புத்தகத்தின் பின்னட்டையில் அதே நிறத்தில் ஒரு பொட்டு. மஞ்சள் பொட்டு மஞ்சள் கூடைக்கு. பிள்ளையே திருப்பி வைத்துவிடும், தப்பாக வைத்தால் பக்கத்துப் பிள்ளை சண்டைக்குப் போய்த் திருத்தும். நாலாவதிலிருந்து மூன்று இலக்கம் மட்டும் அறிமுகப்படுத்துங்கள். 796 விளையாட்டு, 500 அறிவியல், 954 இந்திய வரலாறு. எட்டாவது வருவதற்குள் புள்ளிக்குப் பின்னால் இருப்பதும் பழகிவிடும். என் அனுபவத்தில் ஒரு பையனுக்கு 636-ஐ மட்டும் காட்டினேன், கால்நடை வளர்ப்பு, அவன் வீட்டில் ஜல்லிக்கட்டுக் காளை நின்றது. அந்த நம்பரைப் பிடித்துக்கொண்டு அடுத்தடுத்த அலமாரிக்கு அவனாகவே போனான்.

சீர்காழிக்காரரான ரங்கநாதனை நீங்கள் பாடமாகவே படித்திருப்பீர்கள். கணக்கு வாத்தியாராக இருந்தவர் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார், 1931-ல் ஐந்து விதிகள் எழுதினார். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. பரீட்சைக்கு ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிற விதி. ஆனால் அதை விளக்கும்போது அவர், ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களை அலமாரியோடு சங்கிலி போட்டுக் கட்டிவைத்திருந்த கதையிலிருந்து தொடங்குகிறார். நாம் சங்கிலியை எடுத்துவிட்டுப் பூட்டைப் போட்டிருக்கிறோம். பிள்ளைகள் கலைக்கிறார்கள் என்று ஆசிரியைகள் அடுத்த முறை சொன்னால் மகிழ்ச்சி என்று சொல்லிவிட்டு டீ வாங்கிக்கொடுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் பார்வைக் குறைபாடுள்ள ஒரு பெண்ணும், சக்கர நாற்காலியில் வரும் ஒரு பையனும் படிக்கிறார்கள். நூலகப் பாடவேளையில் இருவரும் வகுப்பிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். என்ன செய்யலாம்? (ஆசிரியர், திருமங்கலம்)

பதில்: பையனுக்கு முதலில் அளவு நாடா எடுங்கள். அலமாரிகளுக்கு நடுவே மூன்று அடி இருக்கிறதா? வாசற்படிக்குச் சாய்தளம் போட்டால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், மேஸ்திரிகள் இடமில்லை என்று நாலு அடியில் செங்குத்தாகப் போட்டுவிடுவார்கள், அதில் ஏறுவதற்கு இரண்டு பேர் தள்ளவேண்டும், அவனுக்கு அது பிடிக்காது. அவன் உட்கார்ந்தபடி கை எட்டுகிற தட்டில் நல்ல புத்தகங்கள் இருக்கவேண்டும். இல்லையென்றால் ஒவ்வொன்றுக்கும் இன்னொருவனை எடுத்துத்தரச் சொல்ல வேண்டும், யாருக்குத்தான் கேட்கப் பிடிக்கும்.

அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு பார்வை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஓரளவு தெரியும் என்றால் வெளிச்சமான ஜன்னலோரம், பெரிய எழுத்து, ஒரு கைப்பிடி லென்ஸ், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பிரெய்ல் வேண்டும் என்றால் நீங்கள் வெகுதூரம் போகவேண்டாம், மதுரை சுந்தரராஜன்பட்டியில் இந்தியப் பார்வையற்றோர் சங்கம் 1985-லிருந்து இயங்குகிறது, நேரில் போய்க் கேளுங்கள். 'சுகம்ய புஸ்தகாலயா' என்று பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காகவே 2016-ல் தொடங்கிய இணைய நூலகமும் இருக்கிறது. அதையெல்லாம் விட உடனே செய்யக்கூடியது, அவள் தோழிகளில் நன்றாகப் படிக்கிறவள் ஒருத்தியை ஒரு கதையை மொபைலில் பதிவுபண்ணச் சொல்லுங்கள். இருமலும் சிரிப்புமாகத்தான் பதிவாகும். அப்படியே கொடுங்கள்.

கேள்வி: புத்தகங்களைப் பூச்சி அரிக்கிறது. அந்துருண்டை போடலாமா? (அலுவலக உதவியாளர், வாடிப்பட்டி)

பதில்: வேண்டவே வேண்டாம். சின்னப் பிள்ளைகள் மிட்டாய் என்று வாயில் போட்டுவிடும், அது விஷம். காய்ந்த வேப்பிலையும் வசம்புத் துண்டும் துணியில் முடிந்து தட்டுக்கு ஒன்றாக வையுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் அரை அடி தள்ளிப் போட்டால் கரையான் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். கிழிந்ததை மைதா மாவுப் பசையால் ஒட்டாதீர்கள், ராமபாணப் பூச்சிக்கு விருந்து அது. செல்லோடேப்பும் ஆகாது, இரண்டு வருடத்தில் மஞ்சளாகிப் பக்கத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும். இதற்கெல்லாம் மேலே, மாதம் ஒரு தடவையாவது யாராவது எடுத்துப் புரட்டுகிற புத்தகத்தில் பூச்சி குடியேறுவது அபூர்வம்.

கேள்வி: அங்கிள், நான் 8-ஆம் வகுப்பு படிக்கிறேன். எங்க லைப்ரரியில் பேசினால் மிஸ் வெளியே அனுப்பிடுவாங்க. சிரித்தாலும் அனுப்பிடுவாங்க. லைப்ரரியில் பேசவே கூடாதா? (மாணவி, சமயநல்லூர்)

பதில்: சிரிப்பு வருகிற புத்தகத்தை மிஸ்ஸே வாங்கி வைத்துவிட்டு, சிரிக்காதே என்றால் எப்படித் தாயி? ஒரு காரியம் செய். மிஸ்ஸிடம் போய், உங்களைச் சிரிக்க வைத்த புத்தகம் எது மிஸ் என்று கேள். எடுத்துக் கொடுப்பார்கள். அதை அங்கேயே அவர்கள் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படி. சிரிப்பு வரும் இடத்தில் அடக்காமல் சிரி, எந்தப் பக்கம் என்று அவர்களே குனிந்து பார்ப்பார்கள். அப்புறம் என்ன நடந்தது என்று எனக்கு எழுது. வெளியே அனுப்பினாலும் எழுது.